களிமண்ணைச் சேர்ந்து பிசைந்தால் மனிதர்கள் நெருங்குவார்களா?

ஒரே குடியிருப்பில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாத இருபது பேரை வாரம் ஒருமுறை கூட்டி, தொடக்கத்தில் சிறிது நேரம் மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் கவனப் பயிற்சியும் அதன் பிறகு களிமண் வேலையும் நடத்தலாம் என்று எண்ணுவதாக எழுதியிருக்கிறீர்கள். இது உண்மையிலேயே மனிதர்களை இணைக்குமா, அல்லது கேட்பதற்கு இனிமையான ஒரு புது மோகம்தானா, பயிற்சி பெறாத ஒருவர் இதை நடத்தலாமா என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மண்ணைத் தொட்டு மனம் அமைதியடைந்த ஒருவர், அந்த அமைதியின் காரணமாகவே பக்கத்தில் இருப்பவரிடம் நெருங்கிவிடுவாரா என்பதுதான் அது. நெருங்கிவிட மாட்டார் என்பதே என் பதில். அமைதி வேறு, உறவு வேறு. முதலாவதைக் களிமண் ஓரளவு தானாகவே தந்துவிடுகிறது. இரண்டாவது, வேலையை நீங்கள் எப்படிப் பங்கிட்டுக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மட்பாண்டக் கலையை முறையாகப் பயின்று, சக்கரம் இல்லாமல் கையாலேயே வனையும் முறைகளைப் பல வயதினரும் கலந்த குழுக்களுக்கு நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறேன். உளவியல் என் துறை அன்று. அத்துறையின் ஆய்வுகளை என் வேலைக்குத் தேவையான அளவுக்குத்தான் படித்திருக்கிறேன். ஆகவே மண்ணைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், மனத்தைப் பற்றிச் சொல்வதை இன்னாருடைய ஆய்வு, இவ்வளவு தூரம் நம்பலாம் என்ற வரம்போடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணின் இயல்பிலிருந்து தொடங்குகிறேன். களித்துகள்கள் பெரும்பாலும் 2 மைக்ரானுக்கும் குறைந்த, தட்டையான தகடுகள். அவற்றின் இடையில் நீர் மெல்லிய படலமாக நிற்பதால், அழுத்தும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. கையை எடுத்ததும் நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. நம் விரல் எவ்வளவு அழுத்தியது, எந்தப் பக்கம் சாய்ந்தது, எங்கே அவசரப்பட்டது என்பதெல்லாம் அப்படியே மண்ணில் பதிந்துவிடும். இன்றைய செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சேயில் 1925ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, 25,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுட்ட மண் பெண்ணுருவத்தில் ஒரு விரல் ரேகை இருக்கிறது. அது 7 முதல் 15 வயதுக்குள் இருந்த ஒரு பிள்ளையுடையது என்றும், உருவத்தைச் செய்தவர் அந்தப் பிள்ளையாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றும் அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் ஒருவர் செய்ததை, அது ஈரமாக இருக்கும்போதே இன்னொருவர் தொட்டிருக்கிறார். இருவர் கை ஒரே மண்ணில் பதிவது, நமக்குத் தெரிந்த மிகப் பழைய சுட்ட மண் உருவங்களின் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

இந்தப் பதியும் குணம்தான் கவனத்தைக் கேட்கிறது. கிண்ணத்தின் சுவர் எங்கே தடித்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுகொள்வது கடினம். உள்ளே கட்டைவிரலும் வெளியே மற்ற விரல்களும் சேர்ந்து பிடிக்கும்போதுதான் தெரியும். கவனம் வேறெங்கோ போனால் சுவர் மெலிந்து தளர்ந்துவிடும்; அதிக நேரம் கையிலேயே வைத்திருந்தால் உள்ளங்கைச் சூடு ஈரத்தை இழுத்து விளிம்பில் வெடிப்பு விழும். யாரும் அதட்டாமலே மண் உடனுக்குடன் பதில் சொல்லிவிடுகிறது. ஜான் கபாட்-ஜின் 1979ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய 8 வாரப் பயிற்சித் திட்டமே இன்று உலகெங்கும் நடக்கும் பெரும்பாலான கவனப் பயிற்சிகளுக்கு முன்மாதிரி. அதில் மூச்சும் உடலின் உணர்வுகளும் கவனத்தைக் கட்டி நிறுத்தும் தறிகளாக இருக்கின்றன. கண்ணை மூடி மூச்சைப் பார்க்கச் சொன்னால் நெளிகிறவர்கள், கையில் ஒரு மண் உருண்டையைக் கொடுத்து அதன் குளிர்ச்சியையும் எடையையும் பார்க்கச் சொன்னால் நெளிவதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். கவனத்தை வைப்பதற்கு உடலுக்கு வெளியே ஒரு பொருள் இருப்பது பலருக்கு எளிதாக இருக்கிறது.

இனி ஆய்வுகள். 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 102 பேரின் மனநிலையை முதலில் வேண்டுமென்றே சற்றுத் தாழ்த்திவிட்டு, பிறகு சிலரிடம் களிமண்ணையும் சிலரிடம் பிசைந்து விளையாடும் மென்பந்தையும் 5 நிமிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மண்ணைக் கையாண்டவர்களின் மனநிலை கூடுதலாக மேம்பட்டது. 2016ஆம் ஆண்டு ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் ஆகியவற்றில் விரும்பியதைக் கொண்டு வேலை செய்ய வைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. இணையத்தில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது இந்த இரண்டாவது ஆய்வுதான். ஆனால் அதில் கலை வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. கார்டிசாலோ பகல் ஏற ஏற இயல்பாகவே குறைந்து வருவது. ஆகவே களிமண் கார்டிசாலைக் குறைக்கும் என்று அதிலிருந்து முடிவுகட்டுவது சரியாகாது. 2017ஆம் ஆண்டு ஹாங்காங்கில் மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த 106 பேரிடம் நடந்த ஆய்வு இவற்றைவிட உறுதியானது. 6 வாரம் களிமண் கலைச் சிகிச்சை பெற்றவர்கள், பொதுவான ஓவிய வேலை செய்தவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள். அது பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நடத்தியது என்பதை மறக்கக் கூடாது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், களிமண் வேலை தனிமனிதரின் மனநிலைக்கு நல்லது செய்கிறது என்று நம்புவதற்குப் போதிய காரணம் இருக்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட, பங்கேற்றவர்கள் பிறகு ஒருவரோடு ஒருவர் பழகினார்களா என்பதை முதன்மைக் கேள்வியாக வைத்து அளக்கவில்லை. சமூகக் களிமண் வேலையைப் பற்றி ஆர்வத்தோடு எழுதுகிற பலர் இந்த இடைவெளியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள். மன அழுத்தம் குறைந்ததற்கான சான்றை எடுத்து, மனிதர்கள் இணைந்ததற்கான சான்றாகக் காட்டுகிறார்கள்.

கவனப் பயிற்சியைப் பொறுத்தவரை செய்தி இன்னும் சிக்கலானது. பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இத்தகைய வகுப்பு நடத்த விரும்புகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். கவனப் பயிற்சிக்குப் பிறகு, தன்னைப் பிறரோடு பிணைந்தவராகக் கருதும் மனப்பாங்கு உள்ளவர்கள் பிறருக்கு உதவுவதில் கூடுதல் ஆர்வம் காட்டினார்கள். தன்னைத் தனித்து நிற்பவராகக் கருதும் மனப்பாங்கு உள்ளவர்களோ முன்பைவிடக் குறைவாகவே உதவ முன்வந்தார்கள். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், பயிற்சிக்கு முன் ‘நாம்’ என்ற எண்ணத்தையோ ‘நான்’ என்ற எண்ணத்தையோ தூண்டிவிட்டுப் பார்த்தபோதும் விளைவு அந்தந்தத் திசையிலேயே போனது. ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுசெய்ய முடியாதுதான். ஆனாலும் நான் வகுப்பறையில் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. கவனப் பயிற்சி மனிதர்களை எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. அவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் பக்கத்தில் இன்னும் உறுதியாக நிறுத்துகிறது. எல்லோரும் கண்ணை மூடி, தன் மூச்சு, தன் உடல், தன் எண்ணம் என்று பத்து நிமிடம் உள்ளே போய்விட்டு, பிறகு ஆளுக்கொரு கிண்ணம் செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அந்த இரண்டு மணி நேரம் முழுவதும் அவர்கள் அருகருகே தனியாகத்தான் இருந்திருப்பார்கள். மனம் இலேசாகித் திரும்புவார்கள். பக்கத்தில் இருந்தவர் பெயர் தெரியாமலே திரும்புவார்கள்.

மனிதர்களை எது இணைக்கிறது என்பதைப் பற்றி வேறொரு பழைய ஆய்வு மரபு இருக்கிறது. 1954ஆம் ஆண்டு கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், வெவ்வேறு பிரிவினர் சந்தித்துக்கொள்வதால் மட்டும் அவர்களுக்கு இடையே உள்ள காழ்ப்பு குறைந்துவிடாது என்று சொல்லி, அதற்கு நான்கு நிபந்தனைகளை முன்வைத்தார். சந்திக்கும் இடத்தில் எல்லோரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதை அடைய ஒத்துழைத்தே ஆக வேண்டும், அந்தச் சந்திப்புக்குப் பொறுப்பில் உள்ளவர்களின் ஆதரவு வேண்டும் என்பவை அவை. அரை நூற்றாண்டு கழித்து, 2006இல், 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒருவரோடொருவர் பழகுவது பெரும்பாலும் காழ்ப்பைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் கட்டாயமில்லை என்றாலும் இருந்தால் பலன் கூடுகிறது என்றும் தெரியவந்தது. உங்கள் குடியிருப்பில் பகை எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்நியரை அண்டை வீட்டாராக்கும் வேலைக்கும் இந்த நான்கும் நல்ல அளவுகோல்கள். எந்தக் களிமண் வகுப்பைத் திட்டமிடும்போதும் நான் மனத்துக்குள் இவற்றைத்தான் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன்.

சம நிலை என்பது களிமண்ணில் ஓரளவு இயல்பாகவே அமைகிறது, ஏனெனில் பெரும்பாலோர் அதைத் தொட்டே பல காலம் ஆகியிருக்கும். மேலதிகாரியின் கிண்ணமும் கோணுகிறது, பள்ளிப் பிள்ளையின் கிண்ணமும் கோணுகிறது. பல சமயம் பிள்ளையுடையது நன்றாகவே வந்துவிடும். ஆனால் சக்கரத்தைக் கொண்டுவந்து வைத்தால் இந்தச் சமநிலை உடனே கலைந்துவிடும். சக்கரத்தில் மண்ணை நடுநிலைக்குக் கொண்டுவரவே வாரக்கணக்கில் பழக வேண்டும், ஒரு சக்கரத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள், கைத்திறன் உள்ளவர் ஒரே நாளில் தனியாகத் தெரிந்துவிடுவார். சக்கரத்தில் வனைவதை நான் மிகவும் நேசிக்கிறேன், ஆனாலும் மனிதர்களைச் சேர்ப்பதற்காக வகுப்பு நடத்துகிறவர்கள் அதை ஒதுக்கி வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கிள்ளி வனைவதும், மண்ணை நீளமான திரிகளாக உருட்டி அடுக்கி வனைவதும், பலகையாகத் தட்டிச் சேர்ப்பதும் போதும்.

முதல் நாளுக்கு நான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது கைமாற்றுக் கிண்ணம். எட்டு அல்லது பத்துப் பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். உங்கள் இருபது பேரை இரண்டு மேசையாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் கைக்கு அடக்கமான, ஏறத்தாழ 400 கிராம் எடையுள்ள ஓர் உருண்டை. கட்டைவிரலை நடுவில் இறக்கி, அடியில் ஒரு விரற்கடைக் கனம் விட்டு, சுற்றிச் சுற்றிக் கிள்ளிச் சுவரை எழுப்ப வேண்டும். பேசக் கூடாது. ஐந்து நிமிடம் கழிந்ததும் தன் கிண்ணத்தை வலப்பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்க வேண்டும் என்று சொன்னவுடன் முகங்களில் ஒரு தயக்கம் தெரியும். ஐந்து நிமிடத்துக்குள்ளேயே அது ‘என்னுடையது’ ஆகிவிட்டிருக்கும். வாங்கியவர்கள் உடனே கிள்ளத் தொடங்குவதில்லை. முதலில் சுழற்றிப் பார்ப்பார்கள், முன்பு இருந்தவருடைய விரல் பள்ளங்களில் தம் விரலை வைத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு முதியவரிடம் வந்த கிண்ணத்தில் ஒரு பக்கச் சுவர் மிகவும் மெலிந்து சாயத் தொடங்கியிருந்தது. அவர் இடது உள்ளங்கையை வெளியே அணைத்து வைத்துக்கொண்டு, அடியில் கூடுதலாகக் கிடந்த மண்ணை வலது கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்தி அந்த ஐந்து நிமிடத்தையும் அதற்கே செலவிட்டார். சுற்று முடிந்து கிண்ணம் தொடங்கியவரிடமே வந்தது. அவர் ஒரு கல்லூரி மாணவி. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் விழுந்துடும்னு நெனச்சேன், யாரு சரி பண்ணினது?” என்று கேட்டார். முதியவர் கையை உயர்த்தினார். “அடி கனமா இருந்துச்சும்மா, அதான் மேல ஏத்தினேன்” என்றார். அவர்கள் அன்றே நெருங்கிவிட்டார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று வட்டமாக நிற்க வைத்து அறிமுகம் செய்தால் இது நடந்திருக்காது என்பது என் கணிப்பு. பேச வேண்டிய காரணம் அவர்கள் கையில் இருந்தது.

இந்தப் பயிற்சியில் கவனப் பயிற்சி தனியாக ஒரு முன்னுரையாக இல்லை என்பதைக் கவனியுங்கள், வேலைக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் ஏதாவது சொல்ல விரும்பினால் மூன்று நிமிடம் போதும். கண்ணைத் திறந்தும் வைத்திருக்கலாம், மூடியும் இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மண்ணின் குளிர்ச்சியைப் பாருங்கள், அது உங்கள் கைச்சூட்டுக்கு மாறுவதைப் பாருங்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, கடைசியாக ‘சிறிது நேரத்தில் இது உங்கள் பக்கத்தில் இருப்பவர் கைக்குப் போகப் போகிறது, அவருக்காக ஆயத்தம் செய்யுங்கள்’ என்று சொல்லுங்கள். கவனத்தை ‘நான்’ என்பதிலிருந்து ‘நாம்’ என்பதற்குத் திருப்புவதற்கு இந்த ஒரு வாக்கியம் உதவுகிறது என்று நம்புகிறேன். இது என் நடைமுறை அனுபவத்திலிருந்து வரும் நம்பிக்கை. அளந்து நிறுவப்பட்டது அன்று.

அடுத்தடுத்த வாரங்களில் ஒரு மேசைக்கு ஒரு பெரிய பாண்டம் என்று மாறிவிடுங்கள். உண்மையான ஒத்துழைப்பு இங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் மண்ணே அதை வற்புறுத்துகிறது. ஒரே நாளில் மூன்று நான்கு திரிகளுக்கு மேல் ஏற்றினால் கீழ்ச்சுவர் பாரம் தாங்காமல் பிதுங்கும். ஆகவே நிறுத்திவிட்டு அடுத்த முறை தொடர வேண்டும். அதுவரை அடிப்பகுதி காய்ந்துவிடக் கூடாது. காய்ந்த சுவரின் மேல் ஈரமான திரியை ஒட்டினால், இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடத்திலேயே வெடிக்கும். விளிம்பை ஈரத்துணியால் மூடி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, இடையில் யாராவது ஒருவர் வந்து துணியை நனைத்துவிட்டுப் போக வேண்டும். ‘புதன்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் அவரை நம்பியிருக்கிறார்கள் என்று பொருள். ஒட்டும்போதும் அப்படித்தான்: இரண்டு பரப்பையும் கீறி, மண்குழம்பு தடவி, ஒருவர் வெளியே தாங்கிப் பிடிக்க மற்றவர் உள்ளே அழுத்தினால்தான் பெரிய பாண்டத்தில் இணைப்பு உறுதிப்படும். ஒருவருடைய திரி தடிப்பாகவும் இன்னொருவருடையது மெலிதாகவும் இருக்கும். அதைப் பற்றி அவர்கள் பேசியே ஆக வேண்டும், சில சமயம் சண்டையும் வரும். வரட்டும். நடத்துகிறவர் உடனே ஓடிவந்து சமாதானம் செய்யத் தேவையில்லை. பாண்டத்தின் மீது வரும் கருத்து வேறுபாட்டை அவர்களே தீர்த்துக்கொள்வது பழக்கத்தின் ஒரு பகுதி.

சூளைக்குப் போகும் கட்டத்தில், இப்படி ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பது இன்னும் தெளிவாகிறது. மண்ணுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் பாண்டம் வெடிக்கும் என்ற பரவலான நம்பிக்கை சரியன்று. வெடிக்க வைப்பது ஈரம். 100 டிகிரி செல்சியஸில் மிச்சமிருக்கும் நீர் ஆவியாகி, தடித்த சுவருக்குள் வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வருகிறது. அதைத் தாண்டினால், ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி வரை களித்துகளோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீர் போகிறது. 573 டிகிரியில் மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் படிகம் சட்டென்று உருமாறி விரிகிறது. பிறகு முதல் சுடுதலுக்கு 900 முதல் 1,000 டிகிரி வரை கொண்டுபோவது வழக்கம். ஒருவர் தன் பொருளை ஈரத்தோடு வைத்துவிட்டால் அது வெடிக்கும்போது பக்கத்தில் இருப்பவற்றையும் சேதப்படுத்தும். ஆகவே ‘உங்களுடையது காய்ந்துவிட்டதா?’ என்பது எல்லோரும் எல்லோரையும் கேட்க உரிமையுள்ள கேள்வியாகிறது. கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று காட்டிக்கொடுங்கள். பிறகு பாருங்கள், ஒருவர் பொருளை இன்னொருவர் வாங்கித் தம் கன்னத்தில் வைத்துச் சொல்வார்கள்.

பெரிய அளவில் இத்தகைய வேலை நடந்ததற்கு முன்னுதாரணங்கள் உண்டு. சிற்பி ஆண்டனி கோர்ம்லி 1993இல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரத்தில் உள்ளூர்க் குடும்பங்களைக் கொண்டு ஏறத்தாழ 40,000 சிறு மண்ணுருவங்களைச் செய்வித்தார். ஏறக்குறைய கையளவு இருக்க வேண்டும், தானாக நிற்க வேண்டும், இரண்டு கண்கள் இருக்க வேண்டும் என்பவையே அவர்களுக்குத் தரப்பட்ட முக்கியமான விதிகள். விதி அவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் சிறியவரும் முதியவரும் ஒரே வேலையைச் செய்ய முடிந்தது; ஆனாலும் ஓர் உருவம் போல் இன்னொன்று இல்லை. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த விதியின் சிக்கனத்தை. 1990இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பள்ளியின் கலையாசிரியர் தொடங்கிய ‘எம்ப்டி போல்ஸ்’ முயற்சியில், பங்கேற்பவர்கள் மண் கிண்ணங்கள் செய்து, அவற்றில் எளிய உணவு பரிமாறி, வரும் நன்கொடையைப் பசித்தோருக்குக் கொடுக்கிறார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. பொது இலக்கு என்று ஆல்போர்ட் சொன்னதை இது மிக நேர்த்தியாக நிறைவேற்றுகிறது. ஆனால் எண்ணிக்கையைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். ஆயிரம் பேர் பங்கேற்ற நிகழ்வு ஆயிரம் பேரைப் பழக்கப்படுத்தியதாகிவிடாது.

பழக்கத்துக்கு வேண்டியது நேரம். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்கே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கும் மேல். இவை சராசரிகள், உங்கள் குடியிருப்பில் கூடலாம், குறையலாம். ஆனாலும் வார இறுதியில் ஒரே ஒரு நாள் நடக்கும் இரண்டு மணி நேரப் பட்டறையால் சமூகம் உருவாகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம் என்பதற்கு இது போதும். களிமண்ணின் பெரும் வசதி இங்கேதான் இருக்கிறது. அது மனிதர்களைத் திரும்ப வரவைக்கிறது. செய்தது காய வேண்டும், சுட வேண்டும், தேவையானால் மெருகு பூசி மீண்டும் சுட வேண்டும்; ஒரே கிண்ணத்துக்காக நான்கைந்து முறை வந்துதான் ஆக வேண்டும். அதனால் உடனே உலர்ந்து கெட்டியாகும் செயற்கைக் களிமண்ணை வாங்கி வேலையைச் சுருக்கிவிடாதீர்கள். சூளை கிடைக்காவிட்டால் சுடாமலே நடத்துங்கள்; காய்ந்த பச்சைக்கலத்தை நீரில் ஊறவைத்துக் கரைத்துத் திரும்பப் பதப்படுத்தலாம். கரைப்பதையும் குழுவாகவே செய்யுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. களிமண் தூளில் சிலிக்கா இருக்கிறது. நெடுநாள் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். காய்ந்த பாண்டத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவதும் வேண்டாம். கை கழுவும் நீரை ஒரு வாளியில் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மண்ணைக் கூடுதல் நெகிழ்வாகப் பிசைந்து கொடுங்கள். கையில் புண் இருப்பவர்களுக்குக் கையுறை.

பயிற்சி பெறாதவர் நடத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். களிமண் பகுதியை, கிள்ளுதல், திரி அடுக்குதல், ஒட்டுதல், காயவைத்தல் ஆகிய நான்கையும் ஒரு குயவரிடமோ மட்பாண்ட ஆசிரியரிடமோ சில வாரம் நேரில் கற்றுக்கொண்ட எவரும் நடத்தலாம். சூளையை அதில் அனுபவமுள்ளவர் கையில் விட்டுவிடுங்கள். கவனப் பயிற்சியைப் பொறுத்தவரை, நான் மேலே சொன்ன மூன்று நிமிட அளவைத் தாண்ட வேண்டாம். நீண்ட நேரத் தியானம் சிலருக்குப் பதற்றத்தையும் பழைய துயர நினைவுகளையும் கிளறிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும். மண்ணின் தொடுகையே சிலருக்கு அருவருப்பாகவோ கலக்கமாகவோ இருக்கும்; அவர்கள் திரி உருட்டும் பலகையைத் தயார் செய்யலாம், மண்குழம்பைத் தூரிகையால் தடவலாம், பார்த்துக்கொண்டும் இருக்கலாம். யாராவது அழுதால் அருகில் இருங்கள், விளக்கம் கேட்காதீர்கள், தேவையானால் மனநல மருத்துவரிடம் போகும் வழியைச் சொல்லுங்கள். நீங்கள் நடத்துவது கூட்டு வேலை, சிகிச்சை அன்று. அழைப்பிதழிலும் அப்படியே எழுதுங்கள்.

கவனப் பயிற்சியை முற்றிலும் நீக்கிவிட்டு மண்ணை மட்டும் கொடுத்தாலும் இதே பலன் கிடைக்குமா என்பதும், வகுப்பு நின்றுபோன பிறகு இந்தப் பழக்கம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் இன்னும் தீராத கேள்விகள். முதலாவதில், மேசையில் பேச்சில்லாமல் கழியும் அந்த முதல் சில நிமிடங்கள் தேவை என்பதே என் சாய்வு. கூச்ச சுபாவம் உள்ளவர்களும் பேச்சாளிகளும் ஒரே அளவில் தொடங்குவதற்கு அது வழிசெய்கிறது. இரண்டாவதை நீங்களே உங்கள் குடியிருப்பில் பார்க்கலாம். எட்டு வாரத்துக்குத் திட்டமிடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, இங்கே எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும், அவசரம் என்றால் இவர்களில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள். மனம் அமைதியாக இருந்ததா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் வரும் விடை மாறாமல் அப்படியே இருந்தால், கவனப் பயிற்சியை நீட்டாதீர்கள்; ஆளுக்கொரு கிண்ணம் என்பதைக் குறைத்து, ஒரு மேசைக்கு ஒரு பாண்டம் என்பதைக் கூட்டிப் பாருங்கள்.